மான் உரிக்க எந்தக் கத்தி? டெக்சாஸ் மச்சானுக்காக ஒரு கேள்வி

வண்ணாரப்பேட்டை குமரன்

தலைப்பைப் பார்த்துட்டு வனத்துறைக்கு போன் போட்டுடாதீங்க சாமி. மானைத் தொடப்போறது நான் இல்ல, வீட்டம்மாவோட தம்பி. டெக்சாஸ்ல சான் அன்டோனியோ பக்கம் இருக்கான். கூட வேலை பாக்குற வெள்ளைக்காரர் ஒருத்தர் நவம்பர்ல தன் பண்ணைக்கு வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கார். சுடுறது அவர். வயித்தைத் திறந்து குடல் எடுக்க, தோல் உரிக்க, கறி பிரிக்க இவன் கை கொடுக்கணுமாம். உரிமம் எல்லாம் அவங்க பாத்துக்கறாங்க.

அக்டோபர்ல நாங்க ரெண்டு பேரும் அங்க போறோம். "மாமா, நம்ம ஊர்ல நல்லா அடிச்ச கத்தி ஒண்ணு எடுத்துட்டு வாங்க"ன்னு ஒரு படம் அனுப்பியிருக்கான். 8 இன்ச் அலகு, முதுகுல ரம்பம், பிடிக்குள்ள திசைகாட்டி. லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சு வாங்கலாமா? இல்ல அங்கயே வாங்கிக்கச் சொல்லட்டுமா? அஞ்சாயிரம் வரைக்கும் செலவு பண்ணலாம்.

ஓட்டேரி நரசிம்மன்

நானும் திட்டத்தான் வந்தேன். இங்க 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுடுறது மட்டுமில்ல, கறியோட பிடிபட்டாலும் ஜெயில்தான். இந்த இழையைப் படிச்சுட்டு எவனாவது செங்குன்றம் தாண்டிக் காட்டைத் தேடிக் கிளம்பக் கூடாது. சொல்லிட்டேன், நகர்ந்துக்கறேன்.

பெரம்பூர் டெக்சாஸ்காரன்

நரசிம்மன் சார் சொன்னது சரி. ஆனா ஒரு வேடிக்கை: கிண்டியில மேயுற அதே புள்ளிமான் இங்க டெக்சாஸ்ல வேட்டை மிருகம். 1932ல கொண்டாந்து விட்டாங்க, பெருகிப் போச்சு. ஆக்ஸிஸ்னு பேரு. வெளியூர் மிருகம்ங்கறதால அதுக்கு வேட்டைப் பருவமே கிடையாது. தனியார் நிலத்துல, நிலத்துக்காரர் சம்மதத்தோட, கையில உரிமம் இருந்தா வருஷம் முழுக்கச் சுடலாம். நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்குறது உள்ளூர் வெள்ளைவால் மானுக்கான துப்பாக்கிப் பருவம். குமரன் மச்சான் போறது பெரும்பாலும் அதுக்குத்தான்.

ரம்பம் வெச்ச 8 இன்ச் கத்தியைப் பண்ணையில உருவினா சிரிப்பாங்க. 5.5 இன்ச்சுக்கு மேல அலகு இருந்தா இங்க சட்டத்துல தனி வகை, பள்ளிக்கூடம் மாதிரி சில இடங்களுக்குள்ள கொண்டுபோக முடியாது. அதைக்கூட விடுங்க. குடல் எடுக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள்ள முழங்கை வரைக்கும் கை விட்டு, கண்ணுக்குத் தெரியாம மூச்சுக்குழாயை அறுக்கணும். இன்னொரு கையும் அங்கதான் இருக்கும், குழாயைப் பிடிச்சுக்கிட்டு. அந்த இருட்டுல 8 இன்ச் அலகோட முனை எங்க நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்? மூணரை, நாலு இன்ச் தாராளம். ஆள்காட்டி விரலை முதுகு மேல நீட்டி வெச்சா முனை எங்க இருக்குன்னு விரலே சொல்லிடும்.

ஆடுதொட்டி பாய்

குமரன் தம்பி, மான் நான் உரிச்சதில்ல. ஆடு எங்களுக்கு வாப்பா காலத்துத் தொழில், புளியந்தோப்பு ஆடுதொட்டியில. ரெண்டும் குளம்பு பிளந்தது, ரெண்டும் அசை போடுறது, ரெண்டுக்கும் வயித்துல நாலு அறை. அந்தத் தைரியத்துல சொல்றேன்.

தோலை உரிக்கிறது கை. கத்திக்கு அதுல வேலை கொஞ்சம்தான். பின்னங்கால் முட்டியைச் சுத்தி ஒரு கோடு, தொடை உள்பக்கமா ஒரு கோடு, வயித்து நடுவுல ஒரு கோடு. அப்புறம் கொக்கியில தொங்க விட்டுட்டு ஒரு கையால தோலை இழு, இன்னொரு கையை முஷ்டி பிடிச்சுத் தோலுக்கும் கறிக்கும் நடுவுல விட்டுக் குத்து. உடம்புல சூடு இருக்கும்போதே செஞ்சா சட்டையைக் கழட்டுற மாதிரி வரும். ஆறிப்போச்சுன்னா கொழுப்பு இறுகிக்கும், சவ்வு ஒட்டிக்கும், அப்பதான் இன்ச் இன்ச்சா கத்தி தேடுவே. பக்ரீத் அன்னைக்கு வீட்டு வாசல்ல வெச்சு உரிக்கிறவங்களைப் பாத்திருப்பே. இருக்கறதுலயே பெரிய கத்தியைத் தூக்கிட்டு வருவாங்க. ரெண்டாவது தொடைக்குப் போறதுக்குள்ள தோல்ல ஓட்டை, கறியில முடி.

எங்க கையில ரெண்டு கத்தி இருக்கும். ஒண்ணு சின்னது, கூர் பக்கம் நல்லா வளைஞ்சு மேல ஏறினது. அது தோலுக்கு. இன்னொண்ணு ஒல்லியா நேரா இருக்கும், எலும்பை ஒட்டிக் கறி எடுக்க. வெட்டுறதுக்குக் கட்டையும் வெட்டுக்கத்தியும் தனி. எல்லாத்தையும் ஒரே கத்தியில முடிக்கணும்னு மச்சான் நினைச்சார்னா எலும்புல போட்டு அடிப்பார், கூர் போகும், அப்புறம் மழுங்கின கத்தியில தோலை அழுத்துவார், கை அறுபடும். மழுங்கின கத்திதான் ஆளை அறுக்கும், தம்பி.

வயித்தைத் திறக்கும்போது கூர் மேல பாத்திருக்கணும். இடது கை ரெண்டு விரலை உள்ள விட்டு வயித்துப்பையைக் கீழ அமுக்கிக்கோ. அந்த ரெண்டு விரலுக்கு நடுவுல அலகு போகணும், கூர் வெளிய பார்த்து. பை கிழிஞ்சா அந்த நாத்தம் எத்தனை தண்ணி ஊத்தினாலும் முழுசாப் போகாது. முனை ரொம்ப மெலிசா, கூரா இருக்கற கத்தி இந்த இடத்துலதான் காலை வாரும்.

கொருக்குப்பேட்டை இன்ஜினியர்

பாய் கடைசியா சொன்னாரே, அதுக்காகத்தான் டிராப் பாயின்ட்னு ஒரு வடிவமே இருக்கு. முதுகு முனைக்கு வரும்போது மெல்லச் சரிஞ்சு இறங்கும். முனை அலகோட நடுக்கோட்டுக்குப் பக்கத்துல வந்து நிக்கும், பையைக் குத்துற வாய்ப்பு குறைவு. அமெரிக்காவுல பாப் லவ்லெஸ்ங்கற கத்திக்காரர் இதை வேட்டைக் கத்தியில பிரபலமாக்கினார். கிளிப் பாயின்ட்ல முதுகைக் குழிவா வெட்டி எடுத்திருப்பாங்க, முனை மெலிசு, குத்த நல்லது. 1964ல வந்த பக் 110 மடக்குக் கத்தி அந்த வகை.

உருக்கு விஷயத்துல என் ஓட்டு எஸ்30வி. தூளா ஆக்கி அழுத்திச் செய்யற வகை, வனேடியம் இருக்கு, கடினம் அளக்குற ராக்வெல் கணக்குல 59 - 61 நிக்கும், ஒரு மான் முழுக்க முடிச்சும் கூர் இருக்கும். டி2வும் நல்லா நிக்கும், ஆனா முழு எவர்சில்வர் கிடையாது, ரத்தத்தோட விட்டா கறை ஏறும். 420எச்சி எல்லாம் மலிவு ரகம்.

பட்டறை செல்வம், வியாசர்பாடி

இன்ஜினியர் சார், 420எச்சியை அவ்வளவு லேசா தள்ளாதீங்க. பக் கம்பெனி அதையே பதம் பாத்து 58 கொண்டாந்து பல வருஷமா வித்துட்டு இருக்கான். உருக்கோட பேரு பாதிதான். மீதி, தோய்ச்சல் போட்டவன் (சூடாக்கி முக்கிப் பதம் ஏத்துறவன்) கையும் அலகோட மெலிசும்.

குமரன் கேட்ட லாரி பட்டைக்கு வர்றேன். உருக்கு குறை சொல்ல முடியாது, சிலிக்கான் - மாங்கனீஸ் ஸ்பிரிங் உருக்கு, அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் ராஜா. சிக்கல் கனத்துல. பட்டை 8, 10 மில்லி இருக்கும். தோல் கத்தி முதுகுல 2.5, மிஞ்சினா 3 மில்லிதான் இருக்கணும், கூருக்குக் கிட்ட வரும்போது அரை மில்லிக்கும் கீழ. அவ்வளவு மெலிசா அடிச்சு, ராவி எடுக்க எந்தப் பட்டறைக்காரனுக்கும் பொறுமை கிடையாது. அஞ்சு மில்லியில நிறுத்திட்டு ஓரத்துல மட்டும் சாணை பிடிச்சுக் குடுத்துடுவான். கையில எடுத்தா கனமா, கம்பீரமா இருக்கும். தோலுக்கும் கறிக்கும் நடுவுல விட்டா உள்ள போகாம ஆப்பா நின்னுடும்.

இன்னொண்ணு பவர் ஹாக்சா பிளேடு. ரெண்டு மில்லிதான், கனம் சரியா இருக்கு, கூர் பிரமாதமா நிக்கும். ஆனா எலும்புல பட்டா பல்லு பல்லா உதிரும், துருவும் பிடிக்கும். அங்க போய் அதைத் தீட்ட உங்க மச்சானால முடியாது. நானே இதைச் செஞ்சு விக்கறவன், அதனாலதான் சொல்றேன்.

காசிமேடு லோகு

இன்னாபா எல்லாரும் அலகையே பேசினுகீறீங்க. பிடியைப் பாரு மொதல்ல. ரத்தம், கொழுப்பு, தண்ணி மூணும் கையில இருக்கும். பாலிஷ் போட்ட கொம்புப் பிடி, பித்தளை பூண் எல்லாம் ஷோகேஸ்ல வெச்சுக்கோ. வார்ஃப்ல மீன் அறுக்கறவங்க பிடி மேல சைக்கிள் டியூப் சுத்தி வெச்சிருப்பாங்க, பாத்துகீறியா? பாக்க அசிங்கம், கை வழுக்காது. ரப்பர் பிடி வாங்கச் சொல்லு. விரல் கூருக்கு வழுக்கிப் போகாம பிடிக்கும் அலகுக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கணும், கண்டிப்பா.

கலர் கூட முக்கியம் நைனா. கறுப்புப் பிடி கத்தியை ராத்திரி புல்லுல வெச்சினா அவ்ளோதான். ஆரஞ்சு, மஞ்சள்னு எதுனா வாங்கு.

மடக்குக் கத்தி வேணாம். மடிக்கிற இடத்துல கொழுப்பும் முடியும் பூந்துக்கும், ஆணியைக் கழட்டாம கழுவவே முடியாது. ரெண்டு நாள்ல நாறும்.

கொருக்குப்பேட்டை இன்ஜினியர்

லோகு அண்ணே, மடக்குக் கத்தி பாக்கெட்ல அடங்கும், மலை ஏறி இறங்குறவனுக்கு வசதி.

காசிமேடு லோகு

அவன் பண்ணைக்கு வண்டியில போறான்யா.

பெரம்பூர் டெக்சாஸ்காரன்

லோகு அண்ணன் கட்சி நான். ஒரே துண்டா, பிடிக்குள்ள உருக்கு ஓடுற கத்தி, உறையும் தோலா இல்லாம பிளாஸ்டிக்கா இருந்தா கொதிதண்ணி ஊத்திக் கழுவலாம்.

இங்க இன்னொரு கட்சி இருக்கு: ஹாவலான் மாதிரி, ஆபரேஷன் பிளேடு மாட்டுற கத்தி. மழுங்கினா கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டிக்கலாம், சாணையே வேணாம். தோலுக்கு அருமை. ஆனா மூட்டுல வெச்சுத் திருகினா பட்டுனு ஒடியும். ஒடிஞ்ச துண்டு கறிக்குள்ள போயிடுச்சுன்னா தேடறது நரகம். புதுக் கைக்கு நான் சொல்ல மாட்டேன்.

முதுகுல கொக்கி வெச்ச கத்தியும் கடையில நிறைய தொங்கும், கட் ஹூக்னு, அதாவது குடல் கொக்கி. சின்ன ஓட்டை போட்டு கொக்கியை மாட்டி இழுத்தா வயித்துத் தோல் பை கிழியாம ஜிப் திறக்குற வேகத்துல வரும். முதல் தடவைக்காரனுக்கு உதவும்தான்.

ஆடுதொட்டி பாய்

அந்தக் கொக்கியை எப்படித் தீட்டுவே? அதுக்குள்ள கல்லு போகாது. முடி போய் அடைச்சுக்கும். ரெண்டு விரல் வைக்கப் பழகிட்டா கொக்கி எதுக்கு?

பெரம்பூர் டெக்சாஸ்காரன்

உருண்டைக் கம்பி அரத்துல தீட்டலாம் பாய். ஆனா யாரும் தீட்டறதில்ல, அது உண்மை.

பெரியமேடு தோல்மண்டி

பாய் சொன்ன ஓட்டை விஷயத்தில் எனக்குச் சொந்த வருத்தம் உண்டு. பெரியமேட்டில் தோல் தரம் பிரிக்கும்போது முதலில் புரட்டிப் பார்ப்பது உள்பக்கத்தைத்தான். ஓட்டை விழுந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஓட்டை விழாமல் பாதி ஆழத்துக்குக் கீறிய வெட்டு இருக்கிறதே, அது பச்சைத் தோலில் ஒளிந்துகொள்ளும், பதனிட்ட பிறகு வரிவரியாகத் தெரியும், இழுத்தால் அந்த இடத்தில் கிழியும். நல்ல ஆட்டுத்தோல் அப்படித்தான் கடைசி ரகத்துக்குப் போகிறது. கத்தியைப் பிடித்துக்கொண்டு பேசுகிற யாரும் தோலைப் பற்றிப் பேசுவதில்லை என்பதால் சொல்கிறேன்.

கத்தியைத் தோல் பக்கம் சாய்க்காதீர்கள், கறிப்பக்கமும் அழுத்தாதீர்கள். வெள்ளைச் சவ்வு இழுபட்டு நிற்கும் இடத்தில் மட்டும் அலகின் வளைவால் தொட்டால் போதும். இதற்குத்தான் வளைந்த கூர். கோடு போடும்போது முடிப்பக்கத்திலிருந்து அறுக்காமல் தோலுக்கு அடியில் முனையை விட்டு உள்ளிருந்து வெளியே அறுக்க வேண்டும். முடியில் மண்ணும் மணலும் இருக்கும், எந்த உருக்காக இருந்தாலும் மழுங்கடித்துவிடும். முடியும் கறியில் கொட்டாது.

மச்சான் தோலை வைத்துக்கொள்ள நினைத்தால் உரித்த உடனே உள்பக்கம் முழுக்க உப்பு போடச் சொல்லுங்கள். கைப்பிடி உப்பெல்லாம் போதாது. தோலின் எடையில் பாதி அளவுக்குப் போடலாம். ஓரங்களும் கழுத்தும் விட்டுப்போகக் கூடாது. வெயிலில் காயப் போடக் கூடாது.

வண்ணாரப்பேட்டை குமரன்

தலை சுத்துது. லாரி பட்டை ஐடியாவைக் கைவிட்டாச்சு. மச்சான்கிட்ட ரம்பக் கத்தி படத்தை அழிக்கச் சொல்லிட்டேன், கொஞ்சம் கோச்சுக்கிட்டான்.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ரம்பம் இல்லாம நெஞ்செலும்பை எப்படிப் பிளக்கறது? ரெண்டு, கூர் போனா அங்க என்ன செய்யறது? நம்ம தெருவுக்கு வர்ற சாணைக்காரர் அங்க வரமாட்டாரே.

பெரம்பூர் டெக்சாஸ்காரன்

நெஞ்செலும்பைப் பிளக்கவே வேணாம். உதரவிதானத்தை விலா ஓரமா சுத்தி அறுத்துட்டு, நான் மேல சொன்னபடி கையை உள்ள விட்டு மூச்சுக்குழாயை அறுத்தா எல்லாம் ஒரே இழுப்புல வந்துடும். தொடையை மூட்டுல பிரிக்கலாம். முன்னங்கால் உடம்போட சேர்ற இடத்துல மூட்டே கிடையாது, வெறும் சதைதான், சின்னக் கத்தியில வந்துடும்.

எலும்பை அறுக்காம இருக்க இன்னொரு காரணமும் இருக்கு. வெள்ளைவால் மானுக்கு சிடபிள்யூடினு ஒரு மூளை நோய் வருது. பிரியான்ங்கற, வடிவம் கெட்டுப்போன புரதத்தால வர்ற நோய். டெக்சாஸ்ல 2012ல முதல்ல ஒரு வகை மான்ல கண்டுபிடிச்சாங்க, 2015ல வெள்ளைவால் மான்லயும். மனுஷனுக்கு ஒட்டினதா இதுவரை நிரூபணம் இல்ல, ஆனா மூளை, முதுகுத்தண்டு பக்கம் கத்தி வைக்காதே, கையுறை போடு, நோய் இருக்கற பகுதின்னா கறியைச் சோதிச்சுட்டுச் சாப்பிடுன்னு அரசாங்கமே சொல்லுது. பிரியான் கொதிதண்ணிக்கு மசியாது. 2019ல வந்த ஒரு ஆய்வுல, வீட்டு பிளீச்சை 40 சதவீதம் கலந்த தண்ணியில அஞ்சு நிமிஷம் ஊறப்போட்டப்ப எவர்சில்வர் கம்பி மேல இருந்த பிரியான் செயலிழந்துச்சு. சதைத்துணுக்கு ஒட்டியிருந்தா பிளீச் உள்ள போகாது, அதனால முதல்ல தேய்ச்சுக் கழுவிடணும். கார்பன் உருக்குக் கத்தியை அந்த பிளீச்ல போட்டா துருப்பிடிச்சே போயிடும். எவர்சில்வர்தான் வாங்கணும்னு நான் சொல்றதுக்கு இதுவும் காரணம்.

அப்புறம் பின்னங்கால் முட்டி உள்பக்கம் முடியோட ஒரு சுரப்பி இருக்கும், கறுத்து, நாத்தமா. அதைத் தொட்ட கத்தியோட கறியைத் தொடக் கூடாது.

பட்டறை செல்வம், வியாசர்பாடி

சாணைக்காரர் வராதது நல்லதுக்குத்தான். தண்ணி இல்லாம சக்கரத்துல பொறி பறக்கப் பிடிச்சா முனை நீலமாயிடும். நீலம் வந்துச்சுன்னா அந்த இடத்துல பதம் இறங்கிடுச்சுன்னு அர்த்தம். மேல எவ்வளவு தீட்டினாலும் உடனே மழுங்கும். (சைக்கிள் சாணைக்காரங்களை நான் குறை சொல்லல, அரிவாள்மனைக்கு அது போதும்.)

ஒரு பக்கம் 400 நம்பர் சொரசொரப்பு, மறு பக்கம் 1000 நம்பர் நைசு இருக்கற தண்ணிக்கல் வாங்குங்க. பக்கத்துக்கு 20 டிகிரி சாய்ச்சு, ஒரு பக்கத்துல தீட்டத் தீட்ட மறுபக்கம் பிசிறு கைக்கு நெருடும். முழு நீளத்துக்கும் நெருடினப்புறம் திருப்பணும். அவ்வளவுதான் வித்தை. இன்ஜினியர் சாரோட எஸ்30வியைச் சாதாரணக் கல்லுல தீட்ட ராத்திரி பூரா உக்காரணும், வைரத்தூள் கல்லு இருந்தாத்தான் வேகமா ஆகும். புதுசா கத்தி பிடிக்கிறவன் கூர் சீக்கிரம் போக்குவான். சீக்கிரம் திரும்பி வர்ற உருக்கு அவனுக்கு மேல்.

கொருக்குப்பேட்டை இன்ஜினியர்

அந்த ஒரு விஷயத்துல ஒத்துக்கறேன். அப்படின்னா மோரா கம்பேனியன், எவர்சில்வர் வகை. ஸ்வீடன் கத்தி, 12சி27 உருக்கு, அலகு 104 மில்லி, முதுகு 2.5 மில்லி, ரப்பர் பிடி, பிளாஸ்டிக் உறை, ஆரஞ்சு கலரும் இருக்கு. உருக்கு பிடி முழுக்க ஓடாது, ஆனா தோல் உரிக்கிறதுக்கு அது ஒரு குறையே இல்ல. அங்க மலிவாவும் கிடைக்கும். எஸ்30வியை மச்சான் பத்து மான் பாத்தப்புறம் வாங்கிக்கட்டும்.

காசிமேடு லோகு

நான் நாலு வரியில சொன்னதுக்கு நீ நம்பர் போட்டுக் குடுத்துட்ட. சந்தோசம்.

வண்ணாரப்பேட்டை குமரன்

சரி, மோரா அங்கயே வாங்கிக்கட்டும். ஆனா வெறுங்கையோட போனா மச்சான் முகத்துல முழிக்க முடியாது. பாய் சொன்ன ரெண்டாவது கத்தி, எலும்புல இருந்து கறி எடுக்கறது, அதை இங்க செஞ்சு எடுத்துட்டுப் போகலாமா? விமானத்துல விடுவாங்களா?

பெரம்பூர் டெக்சாஸ்காரன்

கைப்பையில வெச்சா பிடுங்கிப் போட்டுடுவாங்க. பெரிய பெட்டியில, உறை போட்டு, மேல துணி சுத்தி வெச்சு செக்-இன் பண்ணிடுங்க. ஏர்போர்ட் போற வழியில ஆட்டோவுல இடுப்புல சொருகிக்கிட்டு மட்டும் போகாதீங்க. வண்ணாரப்பேட்டை அட்ரஸோட கத்தியும் இருந்தா போலீஸ்காரர் மான் கதையைக் கேட்க மாட்டார்.

பட்டறை செல்வம், வியாசர்பாடி

செஞ்சு தர்றேன். லாரி பட்டை வேணாம், ரெண்டு மில்லி ஸ்பிரிங் தகடு ஒண்ணு கிடக்கு. அஞ்சு இன்ச், ஒல்லியா, லேசா வளையற அளவுக்குப் பதம் போடறேன். ஆனா இது துருப்பிடிக்கற உருக்கு. கழுவின உடனே துடைச்சு எண்ணெய் தடவணும், டெக்சாஸ்காரர் சொன்ன பிளீச் தண்ணி இதுக்கு ஆகாது. முதுகுத்தண்டு பக்கம் இதை எடுக்கவே வேணாம்னு மச்சான்கிட்ட சொல்லிடுங்க, தொடைக்கும் முன்னங்காலுக்கும் மட்டும்.

ஆடுதொட்டி பாய்

செல்வம், பிடியை நல்லா தடிமனா வை. மெலிசுப் பிடியை இறுக்கிப் பிடிச்சா பாதியிலயே கை மரத்துப் போயிடும்.

குமரன், மச்சானை நேரா மான் மேல கை வைக்க விடாதே. அங்க ஆடு கிடைக்குமா?

பெரம்பூர் டெக்சாஸ்காரன்

அமெரிக்காவுலயே அதிக ஆடு டெக்சாஸ்லதான் பாய். சான் அன்டோனியோவைச் சுத்திப் பண்ணைங்க நிறைய.

ஆடுதொட்டி பாய்

அப்போ அக்டோபர்ல நீங்க போறப்ப ஒரு ஆடு வாங்குங்க. மோராவை மச்சான் கையில குடு, நீ போட்டியை, அதான் குடலை, கழுவு. எங்க தடுமாறுறார்னு வீடியோ எடுத்து இங்க போடு, பாத்துட்டுச் சொல்றேன்.

வண்ணாரப்பேட்டை குமரன்

போட்டி கழுவறது எனக்கா? வீட்டம்மா இதைப் படிச்சுட்டு சிரிச்சுக்கிட்டு இருக்கா.

செல்வம் அண்ணே, நாளைக்கு சாயந்திரம் பட்டறையில இருப்பீங்களா? கை அளவு குடுத்துட்டு வந்துடறேன்.

பட்டறை செல்வம், வியாசர்பாடி

ஏழு மணிக்கு மேல வாங்க. மச்சான் கை உங்க கையை விடப் பெருசா சிறுசான்னு கேட்டுட்டு வாங்க.